ஆறாத கால் புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக்: எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

புண் கட்டும் அறையில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். அங்கே அடிக்கடி நடக்கிற ஒரு பேச்சிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பரோட்டா மாஸ்டர் ஒருவர் வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், நான் கட்டைப் பிரிக்கும் முன்பே மஞ்சப்பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தார். காலி அட்டைகள் ஐந்தாறு, பாதி தின்ற அட்டைகள் இரண்டு. இடது காலின் உள்பக்கம், கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஒன்றரை வருடமாக ஆறவில்லை.

"எல்லா ஆன்டிபயாட்டிக்கும் தின்னு பாத்தாச்சு சிஸ்டர். ஒண்ணுக்கும் கேக்கல. இதவிடப் பவரா ஒண்ணு எழுதித் தரச் சொல்லுங்க."

"அண்ணே, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நின்னு வேலை பாக்குறீங்க?"

"சாயங்காலம் நாலு மணிக்குக் கல்லு முன்னாடி நின்னா ராத்திரி பன்னெண்டு ஆயிடும். இருபத்தஞ்சு வருஷமா இதே வேலதான்."

புண் ஏன் ஆறவில்லை என்பதற்கான பதிலை அவரே சொல்லிவிட்டார். ஆனால் மேஜை மேல் இருந்த அட்டைகளில் ஒன்றுகூட அந்தக் காரணத்துக்கான மருந்து இல்லை. அன்றைக்கு அவசரத்தில் அவருக்குப் பாதிதான் விளக்க முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வீட்டில் இப்படி ஒரு காலை வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்களுக்கு உதவும்.

புண் ஏன் ஆறாமல் நிற்கிறது

முழங்காலுக்குக் கீழே ஒரு காயம் பட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மூடிவிட வேண்டும். ஆறு வாரம் ஆகியும் மூடவில்லை என்றால் அதை நாள்பட்ட புண் என்று சொல்கிறோம். ஆரம்பம் பெரும்பாலும் அற்பமாக இருக்கும். கொசு கடித்ததைச் சொறிந்தது, சைக்கிள் பெடல் உரசியது, கட்டில் கால் இடித்தது, இப்படி ஏதோ ஒன்று. அதே இடி கையில் பட்டிருந்தால் மறந்தே போயிருக்கும். காலில் மட்டும் ஏன் இப்படி?

இதயம் ரத்தத்தைத் தமனிகள் வழியாகக் கால்வரை தள்ளிவிடுகிறது. அந்த ரத்தம் சிரைகள் வழியாகத் திரும்ப மேலே ஏற வேண்டும், அதுவும் புவியீர்ப்புக்கு எதிராக. அதை ஏற்றிவிடும் வேலையைக் கெண்டைக்கால் சதைதான் பெரும்பாலும் செய்கிறது. நடக்கும்போது சதை இறுகி, நடுவில் உள்ள சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்புகிறது. ஏறிய ரத்தம் மறுபடி கீழே இறங்காமல் தடுக்கச் சிரைக்குள்ளே சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. அசையாமல் நிற்கும்போது பாதத்துச் சிரைகளில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்கு இருக்கும். நல்ல காலாக இருந்தால், நான்கு எட்டு நடந்ததுமே அது 30-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும்.

வால்வுகள் கெட்டுப்போன காலில் அந்த இறக்கம் நடப்பதில்லை. நடந்தாலும் நின்றாலும் அழுத்தம் உச்சத்திலேயே நிற்கிறது. 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்று நாம் சொல்கிற வெரிகோஸ் வெயின் அதன் வெளி அடையாளம். உண்மையில் அது நரம்பு இல்லை, வீங்கிய சிரை. உள்ளே தேங்கிய ரத்தத்திலிருந்து நீரும் சிவப்பணுக்களும் சதைக்குள் கசிகின்றன. சிவப்பணுவில் உள்ள இரும்புச்சத்து படிந்துதான் கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்துப் பழுப்பேறுகிறது. தோல் நாளாக நாளாக மரப்பட்டைபோல இறுகுகிறது. அதற்குக் கிடைக்க வேண்டிய சத்தும் ஆக்ஸிஜனும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட தோலில் விழுகிற சிறு கீறல் மூடாது, அகலமாகும்.

பழைய வீடுகளில் சுவரில் ஓதம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் கீழிருந்து ஏறிக்கொண்டே இருக்கும்போது மேலே எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் காரை உதிரத்தான் செய்யும். மாஸ்டரின் காலும் அப்படித்தான் இருந்தது. மேலை நாடுகளின் கணக்குப்படி, நாள்பட்ட கால் புண்களில் நூற்றுக்குச் சுமார் எழுபது இந்த வகை, அதாவது சிரைப் புண். மீதியில் தமனி அடைப்பால் வருபவை, இரண்டும் கலந்தவை, சுகரால் வருபவை, இன்னும் அரிதான சில காரணங்கள். நம் ஊரில் சுகர் புண்கள் நிறைய. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

கிருமி இருக்கிறது, ஆனால்

"புண்ணுல கிருமி இருக்கே சிஸ்டர், அத மொதல்ல கொல்ல வேணாமா?" இந்தக் கேள்வி நியாயமானது. கிருமி இருப்பதும் உண்மைதான். திறந்த புண் எதுவாக இருந்தாலும் அதில் கிருமி இருக்கும். நம் தோல் மேலேயே கோடிக்கணக்கில் இருக்கும்போது, தோல் இல்லாத இடத்தில் இல்லாமலா போகும்? ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், கட்டுத்துணியில் பச்சை நிறம் ஏற்றுகிற சூடோமோனாஸ், குடலில் இருக்க வேண்டிய சில வகைகள் எல்லாம் நாள்பட்ட புண்ணில் சாதாரணமாகவே குடியிருக்கும்.

வழிப்போக்கர்கள் திண்ணையில் வந்து உட்காருவார்கள். அதனால் வீட்டுக்குள் ஒரு கெடுதலும் வந்துவிடாது. கதவை உடைத்து உள்ளே புகுந்தால்தான் ஆபத்து. கிருமிகள் புண்ணின் மேற்பரப்பில் இருப்பது திண்ணையில் இருப்பது மாதிரி. அவை உயிருள்ள சதைக்குள் இறங்கி, உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போட ஆரம்பித்தால் அதற்குப் பெயர்தான் தொற்று. ஆன்டிபயாட்டிக் மாத்திரை இந்த இரண்டாவது நிலைக்கானது.

இங்கேதான் கல்ச்சர் ரிப்போர்ட் நம்மை ஏமாற்றுகிறது. பஞ்சுக் குச்சியால் புண்ணைத் தொட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஏதாவது ஒரு கிருமி வளரத்தான் போகிறது. ரிப்போர்ட்டில் அதன் பெயர் தடித்த எழுத்தில் வரும். கீழே எந்த மருந்துக்கு அது கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது என்று ஒரு பட்டியலும் இருக்கும். அதைப் பார்த்ததும் வீட்டார் பயந்துபோவார்கள். ஆனால் அந்தக் கிருமி திண்ணையில் இருக்கிறதா, வீட்டுக்குள் இருக்கிறதா என்பதை ரிப்போர்ட் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது காலைப் பார்க்கிற கண்ணும் தொட்டுப் பார்க்கிற கையும்தான். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020-ல் கால் புண் தொற்றுக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நோயாளி முதல்முறை வரும்போது, தொற்று இருக்குமோ என்று தோன்றினாலும்கூட, எடுத்த எடுப்பில் ஸ்வாப் (பஞ்சுக் குச்சி மாதிரி) எடுக்க வேண்டாம் என்கிறது அது. மருந்து கொடுத்தும் மோசமானால், அல்லது எதிர்பார்த்தபடி குணம் தெரியாவிட்டால் அப்போது எடுக்கலாம். எடுக்கும்போதும் மேலே மிதக்கிற சீழைத் தொட்டு எடுத்தால் பயனில்லை. புண்ணை முதலில் கழுவி, சுத்தமான சதையில் குச்சியை அழுத்திச் சுழற்றி எடுக்க வேண்டும்.

சரி, கிருமியைக் கொன்றுதான் வைப்போமே, அதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கொல்ல முடிவதில்லை என்பதுதான் முதல் சிக்கல். நாள்பட்ட புண்ணில் கிருமிகள் தனித்தனியாக இருப்பதில்லை. ஒன்றுசேர்ந்து, தங்களைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் வாழ்கின்றன. பயோஃபிலிம் என்று பெயர். குளத்துப் படித்துறையில் பாசி படிந்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தண்ணீரை ஊற்றினால் அது போகாது, தேய்த்துச் சுரண்டினால்தான் போகும். மாத்திரையில் உள்ள மருந்து ரத்தம் வழியாகத்தான் புண்ணுக்கு வர வேண்டும். ரத்த ஓட்டமே சரியில்லாத சதையையும், ரத்தக்குழாயே இல்லாத செத்த சதையையும், அதன் மேல் படிந்த பாசியையும் தாண்டி அது எவ்வளவு தூரம் போகும்? அதனால்தான் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கிற ஸ்லஃப் என்ற செத்த சதையைக் கழுவி, துடைத்து, தேவைப்பட்டால் சுரண்டி எடுக்கிறோம். வலிக்கும்தான். மரத்துப்போகச் செய்யும் களிம்பை முன்கூட்டியே தடவச் சொல்லி நீங்கள் கேட்கலாம். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. சிரைப் புண்களுக்கு ஆன்டிபயாட்டிக்கும் கிருமிநாசினியும் எவ்வளவு பயன்படுகின்றன என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 2014-ல் தொகுத்துப் பார்த்தார்கள். 45 ஆய்வுகள், மொத்தம் 4,486 நோயாளிகள். புண் ஆறுவதற்காக வழக்கமாக ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுப்பதை ஆதரிக்க எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. மேலே போடுகிறவற்றில் கேடெக்ஸோமர் அயோடின் என்ற மெதுவாக அயோடினை விடும் மருந்துக்கு மட்டும் ஓரளவு ஆதாரம் இருந்தது. வெள்ளி கலந்த விலை உயர்ந்த டிரெஸ்ஸிங்குகளை பிரிட்டனில் 213 பேரிடம் சோதித்த ஆய்வு 2009-ல் வந்தது. சாதாரண டிரெஸ்ஸிங்கைவிட அது கூடுதலாக எதையும் செய்யவில்லை. நியூசிலாந்தில் 368 பேரிடம் தேன் டிரெஸ்ஸிங்கைச் சோதித்தார்கள். 2008-ல் வெளியான முடிவும் அதேதான். இந்தக் கடைசி இரண்டு ஆய்விலும் இரு பக்கத்தாருக்கும் பொதுவாக இருந்தது, காலை அளவாக இறுக்கிக் கட்டுகிற அழுத்தக் கட்டு. ஆறியவர்களுக்கு ஆறியதில் பெரும்பங்கு அதற்குத்தான் என்பது என் எண்ணம்.

புண்ணில் தூவுகிற பவுடர்

மாத்திரையைவிட எனக்கு அதிகம் கவலை தருவது பவுடரும் ஆயின்ட்மென்டும். கடையில் சும்மா கேட்டாலே கிடைக்கிறது. நியோமைசின், ஃப்ராமிசெட்டின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் கலந்தவற்றை மாதக்கணக்கில் தோலில் போட்டால் பலருக்கு ஒவ்வாமை வந்துவிடும். கால் புண் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம். புண்ணைச் சுற்றி அரிப்பு, சிவப்பு, நீர் கோத்த சின்னக் கொப்புளங்கள். அதைப் பார்த்து 'தொற்று கூடிடுச்சு' என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அள்ளித் தூவுவார்கள். மருந்தால் வந்த புண்ணுக்கு அதே மருந்து. மாஸ்டரின் காலைச் சுற்றி அப்படி ஒரு வட்டம் இருந்தது. பவுடரை நிறுத்திய இரண்டு வாரத்தில் அரிப்பு பாதியாகக் குறைந்தது.

பவுடர் கசிவோடு சேர்ந்து கெட்டியாகி ஓடுபோல நிற்கும் என்பது இன்னொரு தொல்லை. நுரைத்துப் பொங்குகிற ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம், அது புதிதாக முளைக்கிற சதையையும் சேர்த்துக் கெடுக்கும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரோ நார்மல் சலைன் என்ற உப்புநீரோ போதும். 'காயப்போட்டா ஆறிடும்' என்று திறந்து போடுவதும் சரியில்லை. புண் மிதமான ஈரத்தில், மூடிய நிலையில் இருந்தால்தான் ஓரத்திலிருந்து தோல் நகர்ந்து வந்து மூடும்.

மாத்திரை கட்டாயம் வேண்டிய நேரம்

இவ்வளவு சொன்னதால் ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தொற்று உள்ளே இறங்கியபின் தாமதித்தால் காலுக்கும் உயிருக்கும் ஆபத்து. அதனால் அடையாளங்களை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வலி. தினமும் இருக்கிற வலி ஒன்று உண்டு, அது இல்லை. நேற்றுவரை இல்லாத புது வலி, அல்லது திடீரென்று கூடிய வலி. அடுத்து, புண்ணின் விளிம்பைத் தாண்டிப் பரவுகிற சிவப்பும் வீக்கமும். நம்முடைய மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது. புத்தகப் படங்களைப் பார்த்துவிட்டு 'செவக்கலையே' என்று இருந்துவிடுவது பெரிய தவறு. தோல் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறலாம், அல்லது பளபளவென்று விறைத்து நிற்கலாம். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மற்றக் காலைவிடச் சூடாக இருந்தால், அழுத்தினால் வலித்தால், அதுவே நமக்குச் சிவப்பு. பிறகு காய்ச்சல், குளிர் நடுக்கம். தொடை இடுக்கில் நெறி கட்டுவதும் ஒரு அடையாளம். அந்த வார்த்தையை நம் பாட்டிமார்கள் சரியாகத்தான் வைத்திருந்தார்கள்: காலில் புண் இருந்து தொடையில் நெறி கட்டினால் விஷயம் மேலே ஏறுகிறது என்று அர்த்தம்.

சந்தேகம் வந்தவுடன் பால்பாயின்ட் பேனாவால் அந்த நிறமாற்றத்தின் எல்லையைச் சுற்றி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதிவிடுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் மருத்துவரிடம் விளக்கம் சொல்லவே தேவையில்லை, காலே சொல்லிவிடும். மூச்சு வாங்குவது, பேச்சு குழறுவது, சிறுநீர் குறைவது, ஆள் மந்தமாகித் தூங்கித் தூங்கி விழுவது இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

நாற்றம் மட்டும் இருந்தால்? கசிவு கொஞ்சம் கூடினால்? அவை எச்சரிக்கைதான். ஆனால் மேலே சொன்ன எதுவும் இல்லாதபோது முதல் வேலை நன்றாகக் கழுவுவதும், செத்த சதையை எடுப்பதும், சில நாளைக்குக் கிருமிநாசினி உள்ள டிரெஸ்ஸிங் போடுவதும்தான். இரண்டு காலும் ஒரே மாதிரி சிவந்து, அரித்து, செதில் செதிலாக உரிகிறது என்றால் அது பெரும்பாலும் சிரை வீக்கத்தால் வருகிற எக்ஸிமா என்ற தோல் அழற்சி. இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் தொற்று வருவது அரிது. எக்ஸிமாவுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

தொற்று உறுதியானால் மருந்து ஏழு நாள். நான் மேலே சொன்ன பிரிட்டன் வழிகாட்டி ஃப்ளூக்ளாக்ஸசிலினை முதலில் வைக்கிறது. இங்கே உங்கள் மருத்துவர் அதே வேலையைச் செய்யும் வேறொன்றை எழுதலாம். பென்சிலின் வகை ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின் போன்ற மாத்திரைகளைக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடுகிற பழக்கம் நம்மிடம் அதிகம். அவை குதிகாலுக்கு மேலே உள்ள பெரிய தசைநாரைப் பாதித்து அறுந்துபோகவும் செய்யலாம். சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கியும் விடலாம். கால் புண்காரர்களில் சுகர்காரர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏழு நாள் முடியும்போது புண் அப்படியே இருக்கும். இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும் என்று தோன்றுகிறது எனக்கு. மாத்திரையின் வேலை சூடு, வீக்கம், காய்ச்சல், பரவல் இவற்றை அடக்குவது. அது முடிந்துவிட்டால் மருந்தும் முடிந்தது. 'புண் இன்னும் ஆறலையே' என்று இன்னொரு கோர்ஸ், அப்புறம் வேறொரு கோர்ஸ் என்று போய்த்தான் மஞ்சப்பை நிறைகிறது. ஒவ்வொரு கோர்ஸிலும் கட்டுப்படுகிற கிருமிகள் செத்து, கட்டுப்படாதவை மட்டும் தங்குகின்றன. உண்மையிலேயே ஆபத்து வருகிற நாளில் மருந்து வேலை செய்யாமல் போவது இப்படித்தான். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளால் நேரடியாக இறந்தவர்கள் 2019-ல் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் என்று லான்செட் மருத்துவ இதழ் கணக்குச் சொன்னது. இந்தியாவில் பல ஆன்டிபயாட்டிக்குகளை 2014 மார்ச் முதல் ஹெச்1 பட்டியலில் வைத்து, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பது அதை நமக்கு நினைவூட்டத்தான்.

சுகர் உள்ளவர்களுக்கு

சுகரால் உணர்ச்சி மரத்துப்போன பாதத்தில் மேலே சொன்ன முதல் அடையாளமான வலியே வராமல் போகலாம். தொற்று சத்தமில்லாமல் எலும்புவரை இறங்கிவிடும். எலும்பில் இறங்கிவிட்டால் ஏழு நாள் கணக்கு பொருந்தாது, பல வாரம் மருந்து தேவைப்படும், சிலநேரம் அறுவையும். அதனால் சுகர்காரர்கள் பாதத்தில் புண்ணைப் பார்த்த அன்றே காட்ட வேண்டும். இருந்தாலும் இங்கேயும் விதி மாறவில்லை. தொற்றின் அடையாளம் இல்லாத சுகர் புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டாம் என்றே 2023-ன் சர்வதேச வழிகாட்டியும் சொல்கிறது.

வேலூரில் நடந்த ஒன்றை இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண்களைக் கவனித்தார். தொழுநோய்க் கிருமிதான் சதையைத் தின்கிறது என்று அப்போது நம்பினார்கள். உணர்ச்சி இல்லாததால் அவர்கள் காயம்பட்ட காலிலேயே நடந்துகொண்டிருக்கிறார்கள், அந்த மிதியும் அழுத்தமும்தான் புண்ணை ஆறவிடாமல் செய்கின்றன என்று அவர் காட்டினார். பாதத்துக்கு மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தைப் பரப்பிவிட்டதும் வருடக்கணக்கில் ஆறாத புண்கள் ஆறின. சுகர் பாதப் புண்ணுக்கு இன்று உலகம் முழுக்கச் செய்வதும் இதே அழுத்தம் குறைக்கும் வேலைதான். பாதத்துப் புண்ணுக்கு மிதியின் அழுத்தம், கணுக்கால் புண்ணுக்குச் சிரையின் அழுத்தம். எங்கே அழுத்துகிறது என்று பார்க்காமல் கிருமியை மட்டும் துரத்தினால் இரண்டுமே ஆறாது.

கிருமியே காரணமான கால் புண்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. மேற்கு ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வருகிற புருலி அல்சருக்கு எட்டு வாரம் ஆன்டிபயாட்டிக்தான் சிகிச்சை. அவை தனி நோய்கள், அவற்றுக்குத் தனிப் பரிசோதனை. அதேபோல மூன்று மாதம் ஒழுங்காகக் கட்டியும் அசையாத புண்ணிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். எப்போதாவது உள்ளே புற்று ஒளிந்திருக்கும்.

மாஸ்டரின் கால்

முதலில் அவருக்குக் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் 0.8-க்கும் 1.3-க்கும் இடையில் வர வேண்டும். 0.5-க்குக் கீழே போனால் தமனியில் பெரிய அடைப்பு. அந்தக் காலை இறுக்கிக் கட்டினால் விரல்கள் கறுத்துப்போகும். இந்தச் சோதனை இல்லாமல் யாரும் வீட்டில் க்ரேப் பேண்டேஜை வாங்கி இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். சுகர்காரர்களுக்குத் தமனி கல்போல இறுகியிருந்தால் எண் பொய்யாக அதிகம் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். மாஸ்டருக்கு 1.0 வந்தது.

அப்புறம் அழுத்தக் கட்டு. கணுக்காலில் 40 மில்லிமீட்டர் அழுத்தம், முழங்காலை நோக்கி ஏறஏறக் குறைந்துகொண்டே போக வேண்டும். லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் நான்கு அடுக்காக இதைக் கட்டிப் பார்த்து 1988-ல் முடிவை வெளியிட்டார்கள். நாள்பட்ட புண்ணுள்ள 148 கால்களில் 110 பன்னிரண்டு வாரத்துக்குள் ஆறிவிட்டன. மாஸ்டருக்கு வாரம் ஒருமுறை கட்டினோம். கடையில் அவருக்கு ஒரு உயரமான ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். படுக்கும்போது காலுக்கடியில் இரண்டு தலையணை. மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் 'கரப்பான்' என்று சொல்லி அவர் வீட்டில் நிறுத்தியிருந்தார்கள். அதைத் திரும்பத் தொடங்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. சதை வளரப் புரதம் வேண்டும் என்று அவர் மனைவியிடம் மூன்று முறை பேசினேன்.

ஐந்தாவது வாரம், கட்டு மாற்றும் நாளுக்கு முன்பே வந்துவிட்டார். நடுக்கத்தோடு காய்ச்சல், கெண்டைக்கால் சூடு, தொடையில் நெறி. அன்று மருத்துவர் தயங்காமல் ஆன்டிபயாட்டிக் எழுதினார். கட்டைச் சில நாள் தளர்த்தி வைத்தோம். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது. அவர் மஞ்சப்பையில் காலி அட்டையாகக் கிடந்த அதே மருந்துதான். ஏழாம் நாள் அதை நிறுத்தினோம், நிறுத்தும்போது புண் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்தது.

"நிப்பாட்டலாமா சிஸ்டர்? இன்னும் ஆறலையே?"

"காய்ச்சல் போச்சில்ல அண்ணே. மருந்தோட வேலை முடிஞ்சுது. மிச்சத்தக் கட்டு பாத்துக்கும்."

இன்னும் எட்டு வாரத்தில் மூடியது. மூடியபின் அவருடைய சிரையையே சரிசெய்ய அனுப்பினோம். இப்போதெல்லாம் லேசர் அல்லது ரேடியோ அலை கொண்டு கெட்டுப்போன சிரையை உள்ளிருந்தே அடைத்துவிடுகிறார்கள். பெரிய வெட்டு இல்லை. புண் ஆறும்வரை காத்திருக்காமல் இதை முதலிலேயே செய்தால் என்ன என்று பிரிட்டனில் 450 பேரிடம் சோதித்து, 2018-ல் முடிவு வந்தது. முதலிலேயே செய்தவர்களுக்குப் புண் ஆற 56 நாள், காத்திருந்தவர்களுக்கு 82 நாள். அடுத்த மாஸ்டர் யாராவது வந்தால் நான் முதல் வாரத்திலேயே கேட்கப்போவது அதைத்தான்.

ஆறிய காலுக்கும் அழுத்தம் வேண்டும். மாஸ்டர் இப்போது முழங்கால்வரை ஏறும் ஸ்டாக்கிங் போடுகிறார். காலையில் எழுந்ததும், கால் வீங்கும் முன்பே, கட்டிலில் உட்கார்ந்தபடியே போட வேண்டும். ராத்திரி கழற்றித் துவைத்து நிழலில் உலர்த்த வேண்டும். இரண்டு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். ஆறு மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும், அப்போது புதிது வாங்க வேண்டும். அவர் வாங்கிய தேதியைக் கடைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்.